பூஜை போட்ட உமி

கோலா சாவா தோட்டம்,
13.10.1986

அன்பு மயிலு,

நானும் லோரியும் நல்லா ஓடிக்கிட்டிருக்கோம். வயிறுதான் உன் ரசம் கேட்டு மல்லுக்கு நிக்குது.

நீ கேட்ட நாலு சாக்கு உமியையும் கோலா பிலா நெல் ஆலையில ஏத்திட்டேன். ஆலைக்காரனுக்கு ஒரே சிரிப்பு. நாங்க கொளுத்தித் தள்ளுற குப்பையை வச்சா உன் பொண்டாட்டி பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றான்னு கேக்குறான். ஆமாடான்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

நேத்து ஆயுத பூஜை. லோரியோட உன் சாக்குங்களையும் வரிசையா வச்சு, வாயைப் பிரிச்சு, திருநீறை அள்ளி அள்ளித் தூவி, சூடம் காட்டிட்டேன். உனக்கு அதுதானே ஆயுதம்!

உமியைச் சுட்டு எடுக்கிற தூள் சரியா வந்தா ஜப்பானுக்கு ரெண்டு வருஷம் ஆராய்ச்சிக்குப் போகணும், வராட்டி ஆராய்ச்சியை முடிச்சுக்கிட்டு தீபாவளிக்கு வீட்டுக்கே வந்துடணும்னு எழுதியிருந்தே. சாமிகிட்ட எதைக் கேக்குறதுன்னு நான் முழிச்ச முழியில பூசாரியே சிரிச்சிட்டாரு லா. கடைசியில உனக்காகத்தான் கேட்டேன்.

சாக்கு, என் கூட லோரி ஓட்டுற முனியாண்டியோட வண்டியில வருது.

உன்
மூர்த்தி

பினாங்கு,
19.10.1986

மச்சான்,

உங்களை என்னதான் பண்றது! உமியைச் சுட்டா மிஞ்சுறது சிலிக்கா, அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருந்தாத்தான் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும்னு எத்தனை தடவை சொன்னேன்? திருநீறு சாணச் சாம்பல். அதுல இருக்கிற உப்பு, உலைச் சூட்டுல சிலிக்காவை இளக்கி ஓட்டையெல்லாம் அடைச்சிருச்சு. திறந்து பார்த்தா கட்டி கட்டியா சாம்பல்!

ஒரு சாக்கையாவது விட்டு வைக்கக் கூடாதா? பக்தி முத்திப் போச்சு உங்களுக்கு. மாசக் கடைசி வரைக்கும்தான் டைம்னு பேராசிரியர் சொல்லிட்டாரு. மறுபடி உமி வர எங்கே நேரம்? அழுகையா வருது.

கோபத்துலதான் எழுதுறேன். ஆனா வேளைக்குச் சாப்பிடுங்க.

மயிலம்மாள்

பினாங்கு,
25.10.1986

என் தங்க மச்சானே!

வெள்ளை! சுத்த வெள்ளை! தூள் கடைசியில சரியா வந்திருச்சு!

உங்க திருநீறை எடுக்கணுமேன்னு, மிச்ச உமியை ஆசிட்டுல ஊற வச்சுக் கழுவினேன். சுடறதுக்கு முன்னாடி நாங்க உமியைக் கழுவுறதே இல்ல. கழுவினதுல திருநீறு மட்டுமா போச்சு? உமிக்குள்ளேயே ஒளிஞ்சிருந்த உப்பும் போயிருச்சு! இத்தனை மாசமா என் தூளைக் கெடுத்தது அதுதான் மச்சான். நீங்க பூஜை போடலன்னா நான் கழுவியிருக்கவே மாட்டேன்.

இப்ப ஒரு கரண்டித் தூள்ல இருக்கிற ஓட்டைச் சுவரையெல்லாம் விரிச்சுப் போட்டா நம்ம கோயில் வாசலையே மூடிரும். ரெண்டு தடவை அளந்து பார்த்துட்டு, பேராசிரியர் எழுந்து நின்னு கை கொடுத்தாரு.

ஏப்ரல்ல ஜப்பான் போகச் சொல்றாரு. உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். போன கடிதத்துல திட்டினதை மனசுல வச்சுக்காதீங்க. நீங்க வேணாம்னு சொன்னா நான் போகல. சத்தியமா.

உங்கள்
மயிலு

கோலா சாவா,
29.10.1986

என் மயிலு,

எண்ணெய்ப்பனைப் பழம் ஏத்தின லோரியை எடை போடுற இடத்துல உன் கடிதத்தைப் பிரிச்சேன். நான் போட்ட கூச்சல்ல, அங்கே பழம் பொறுக்கிக்கிட்டிருந்த ராக்கம்மா அக்கா எனக்கு லாட்டரி விழுந்துருச்சுன்னு ஓடி வந்துட்டாங்க. உமி வெள்ளையாயிருச்சு அக்கான்னு சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ஆனா கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்புறம் ஜப்பான் வரியைப் படிச்சேன். லோரியை ஓரமா நிறுத்திட்டு அதையே திரும்பத் திரும்பப் படிச்சேன். பொய் சொல்ல மாட்டேன் மயிலு, நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்ல.

ஆனா உன்னைப் போக வேணாம்னு உட்கார வச்சிட்டு, நான் எந்த முகத்தோட அந்த நெல் ஆலைப் பக்கம் லோரி ஓட்டுவேன்? அங்கே மலையாட்டம் உமி கிடக்குது. பார்க்குறப்பல்லாம் மனசு அறுக்காதா?

போய்ட்டு வா. இன்னைக்கே பேராசிரியர்கிட்ட சொல்லிடு. இந்தத் தீபாவளிக்கு மட்டும் வந்துட்டுப் போ, உன்னைக் கண்ணால பார்க்கணும்.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு வந்து விடுவேன். எல்லார் முன்னாலயும் அழுவேன், இப்பவே சொல்லி வச்சிட்டேன். நீ திரும்பிப் பார்த்தா ஓடி வந்துடுவே. பார்க்காம உள்ளே போய்டு, என் ராசாத்தி.

உன்
மூர்த்தி