முகப்பு நமக்கு வேண்டாம்

சிவமயம்

திருநெல்வேலி
விரோதிகிருது வருஷம், ஐப்பசி

கொழும்புக் கடையில் இருக்கும் அத்தான் அவர்களுக்கு, சொர்ணாம்பாள் வணங்கி எழுதிக்கொண்டது. அங்கே உங்களுக்கு நெல்லையப்பர் துணை. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எனக்காக எப்போதும் எழுதித் தரும் உங்கள் தம்பியிடம் இதைக் கொடுக்க முடியாது. என் கோழிக் கிறுக்கலையே வாசியுங்கள்.

பாகம் பிரித்து, வீட்டுக்குக் குறுக்கே செங்கல் சுவரும் எழுப்பியாகிவிட்டது. தேக்குக் கதவு, தூண், மச்சு எல்லாம் நமக்கு. அடுக்களை, கிணறு, புறவாசல் எல்லாம் தம்பிக்கு. முகப்பை விட்டுக்கொடுத்தால் ஊரில் தலை நிமிர முடியாது என்று எழுதினீர்களே, நன்றாக நிமிர்ந்துகொள்ளுங்கள்!

ஒன்று கேட்கிறேன். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். நம் மகள் வடிவம்மாள் வீட்டுக்கு விலக்கான நாள்களில் எந்த வழியாகக் கொல்லைக்குப் போவாள்? அளவுநூல் பிடித்த ஆண்கள் ஒருவருக்காவது அது தோன்றியதா? பெற்ற உங்களுக்குத் தோன்றியதா? போன வாரம் பிள்ளை மச்சுப்படிக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிட்டாள். "குடிச்சா வெளிய போவணும்லாம்மா, தெருவுல எல்லாரும் பாக்காவ" என்றாள். இப்போது காய்ச்சலில் கிடக்கிறாள். தம்பியைக் கேட்டால், "முகப்ப அண்ணன்தான மதினி கேட்டு வாங்குனாவ, நான் என்ன செய்ய?" என்கிறார். அவர் சொல்வதும் நிஜம்தானே.

பரம்பரைப் பெருமையை என்னிடம் பேச வேண்டாம். உங்கள் பாட்டனார் முதலில் கட்டியது கிணற்றையும் பின்கட்டையும்தான். மெல்லிய செங்கலும், கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அந்தச் சுவரில் இன்றும் ஆணி இறங்காது. பருத்தியில் காசு பார்த்த பிறகுதான் முகப்பை ஒட்டவைத்தார். ஒட்டின கோடு சுவரில் அப்படியே தெரிகிறது. அவர் பெண்டு பிள்ளைகள் வாழ்ந்தது பின்கட்டில். முகப்பு, வந்து போகிறவர்கள் பார்க்க.

ஆகையால் பாகத்தை மாற்றிக்கொள்வதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமை பண்டபாத்திரங்களோடு பின்கட்டுக்குப் போகிறோம். உங்கள் சம்மதம் கேட்டு எழுதவில்லை. பத்திரம் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

தைக்கு வந்தால் தெருப்பக்கம் வராதீர்கள். பின்சந்தில் வந்து கதவைத் தட்டுங்கள். அதைத் திறக்க வடிவு எழுந்து வரவேண்டும் என்று காந்திமதியம்மனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சொர்ணாம்பாள்