அண்டாவை விற்று வாங்கிய உத்திரம்

அம்மா,

சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் இரண்டு கோட் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. இன்னும் மச்சில் மிளகாய் வத்தல் நெடி போகவில்லை. இதை எழுத உட்கார்வதற்குள் நாலு தும்மல் போட்டுவிட்டேன். முப்பது வருஷமாக வத்தலும் புளியும் நீ அடைத்து வைத்த இடம், ஒரே மாதத்தில் மணம் மாறிவிடுமா என்ன? நெடி அதன் பாட்டுக்கு இருக்கட்டும். நானும் இங்கேதான் இருக்கிறேன். மச்சை அறையாக்கிவிட்டேன்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். அறை கட்டியதற்கு இல்லை, அதற்கு நான் கொடுத்த விலைக்கு. சொல்கிறேன், கேள்.

நீ போன பிறகும் நான் பட்டாசாலையில்தான், எல்லோரும் நடமாடும் இடத்தில், பாய் விரித்துப் படுத்தேன். அண்ணனுக்கும் மதினிக்கும் ஓர் அறை, அவர்கள் மகளுக்கு ஓர் அறை. எனக்கு ஒரு டிரங்குப் பெட்டி. பால்காரர் வருவதற்குள் எழுந்து பாயைச் சுருட்ட வேண்டும். தினமும் டவுன் பஸ்ஸில் திருவேங்கடம் போய் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு வருகிறவள், நாற்பத்தேழு வயதில், சேலை மாற்றுவதற்கு எந்த அறை காலியாகும் என்று பார்த்து நின்றுகொண்டிருந்தேன். நீ இருந்தபோதே இதை உன்னிடம் ஒருமுறை சொன்னேன். நீ பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தாய். "அவளுக்கென்ன, இருக்க எடத்துல முடங்கிக்கிடுவா" என்றாய். எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள். எனக்கு வலித்தது அதுதான்.

போன புரட்டாசியில் கொத்தனாரைக் கூட்டி வந்தேன். ஓட்டைப் பிரித்துக் கூரையை மூன்றடி உயர்த்த வேண்டும், தரைக்குப் புதுப் பலகை, ஒரு ஜன்னல், ஏணிக்குப் பதிலாகப் படிக்கட்டு என்று கணக்குச் சொன்னார். என் சேமிப்பு சரியாக இருக்கும் போலிருந்தது. ஓடு பிரித்த மூன்றாம் நாள் மேலிருந்து கூப்பிட்டார்.

"யக்கா, முகட்டு உத்திரம் பூராவும் கரையான். கைய வச்சா மாவாட்டம் கொட்டுது."

உத்திரத்தை மாற்றாமல் எதையும் மேலே ஏற்ற முடியாது. கையில் இருந்த பணம் பலகைக்கும் மணலுக்கும் போய்விட்டது. வீட்டுக்கு மேலே கூரை இல்லை, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அண்ணன் முற்றத்தில் நின்று கத்தினான்.

"ஏட்டி, மழ வந்தா வீடு பூராக் குளமால்லா ஆயிரும்! ஒத்த ஆளுக்கு எதுக்கு ஒரு ரூமு? இரும்புப் பைப்ப முட்டுக் குடுத்து, பழைய ஓட்டையே போட்டு மூடச் சொல்லு."

மூடியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மறுபடியும் பாய்.

மச்சிலிருந்து இறக்கிய பாத்திரமெல்லாம் அப்போது அவன் காலடியில்தான் கிடந்தது. என் கல்யாணத்துக்காக நீ சேர்த்த சீர். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் பார்த்துத்தான் பாத்திரக்கடைக்குப் போவாய், அன்றுதான் பேரம் படியும் என்பாய். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தவலை, எவர்சில்வர் குடம். என் பெயரை வெட்டச் சொல்லும்போது கடைக்காரரிடம் நீ சொல்வது இன்னும் காதில் இருக்கிறது: "பேருக்கு முன்னால ஒரு எழுத்துக்கு எடம் விட்டு வெட்டுங்க அண்ணாச்சி. மாப்பிள்ள பேரு தெரிஞ்ச பெறவு வெட்டிக்கிடலாம்." அத்தனை பாத்திரத்திலும் என் பெயருக்கு முன்னால் ஒரு விரல்கடை வெற்றிடம். அப்பாவின் எழுத்தைக்கூட நீ அதில் போட விடவில்லை.

ஆட்டோவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றினேன்.

பாத்திரக்கடையில் இப்போது அந்த அண்ணாச்சியின் மகன் இருக்கிறார். அண்டாவைத் தட்டிப் பார்த்து, "அடுப்புல ஏறாத சாமான். இத எதுக்கும்மா பழைய எடைக்குப் போடுதிய?" என்று கேட்டார். "கல்யாணம் வந்துட்டு அண்ணாச்சி, எனக்கும் எங்க மச்சுக்கும்" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடை போட்டார். எனக்கு அழுகை வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை, அம்மா. உத்திரத்துக்கும் கூலிக்கும் போதுமா என்றுதான் மனசு ஓடியது. போதாததை என் வளையல் இரண்டு சரிக்கட்டின.

திரும்பி வந்தபோது அண்ணன் வாசலை மறித்து நின்றான். "அது எம்மக கல்யாணத்துக்குன்னுல்லா நெனச்சிருந்தேன்!"

"அது எஞ்சீரு. கேக்க வந்தா கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

அவன் வாசலை விட்டு ஒதுங்கிவிட்டான். அது யார் குரல் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். மழை பொய்த்த ஒரு வருஷம், மேலநீலிதநல்லூர் புஞ்சைக் காட்டில் கிணறு வெட்ட வேண்டும் என்று இதே பாத்திரங்களை அடகு வைக்க அப்பா வந்து நின்றார். நீ மச்சில் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். "எம்மக சீரு. கேக்க வந்தா கைய ஒடிச்சிருவேன்" என்று அங்கிருந்து கத்தினாய். சாயங்காலம் அவர் வெளியே போகும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாய். நானும் அண்ணனும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முடங்கிக்கிடுவா என்று நீ சொன்னதை எல்லாம் நான் நம்பவில்லை. அன்றைக்கு நீ முடங்கியா கிடந்தாய், உன் மகள் முடங்குவதற்கு?

இன்று காலை அண்ணன் புதுப் படிக்கட்டில் ஏறி வந்தான். நல்லவிதமாகத்தான் கேட்டான். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களைத் தங்க வைக்க வேண்டுமாம். "ரெண்டு நாளைக்கு நீ கீழ படுத்துக்கோயேன், ஒனக்கென்ன" என்றான். ரெண்டு நாள் எப்படி ரெண்டு வருஷமாகும் என்று எனக்குத் தெரியாதா? அவர்களுக்குச் சமைக்கிறேன், வேண்டுமானால் லாட்ஜில் ரூம் போட்டுப் பணமும் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

நீ எனக்காகக் காத்த பாத்திரம் ஒன்றுகூட இப்போது இல்லை, அம்மா. கோபமென்றால் வைத்துக்கொள். ஆனால் அன்றைக்கு நீ உட்கார்ந்த அதே இடத்தில்தான் கட்டில் போட்டிருக்கிறேன். நீயாவது சாயங்காலம் இறங்கினாய். நான் இறங்க மாட்டேன்.