பிந்தினார்புரத்தின் பெயர் குறித்து

வளம் குன்றா வெண்கோட்டு நாட்டை ஆளும் இளவேனி மாதேவி, தலைநகர் காக்கும் பேரதிகாரி சேந்தன் அரையருக்கு விடுக்கும் ஓலை. உம் காவலில் உள்ள தெருக்கள் தழைக்க. உம் இல்லத்து அடுப்பு அணையாதிருக்க.

மதிலுக்கு வெளியே உள்ள பிந்தினார்புரத்தைப் புதுமதிலுக்குள் அடக்கி, அவ்வூர்ச் சபையைக் கலைத்து, இளவேனிபுரம் என்று எம் பெயரைச் சூட்ட வேண்டும் என்ற உம் விண்ணப்பம் கண்டோம். பிந்தி வந்தோரின் ஊர் என்னும் பெயர் அரசுக்கு இழுக்கு என்று எழுதியிருந்தீர். முதலில் எமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நெஞ்சு கனத்தது.

மாலை முரசு ஒலித்தபின் கோட்டைக் கதவு எவருக்கும் திறவாது என்பது எம் முன்னோர் விதி. அதனால் வெளியே நின்றுபோன உப்பு வண்டிக்காரரும் வளையல் விற்போரும் மூட்டிய அடுப்புகளே அவ்வூரின் தொடக்கம். பிறகு கிணறு வந்தது, சந்தை வந்தது, சபையும் வந்தது. முதற்குடிகள் தலைநகரின் அறுவடை விழாவைத் தவறவிட்டு மறுநாள் கொண்டாடினராம். இன்றும் அவர்கள் விழா ஒரு நாள் பிந்தியே நடக்கிறது. கேட்டால், தலைநகரத்தார்தாம் அவசரப்பட்டுவிட்டனர் என்று நம்மையே கேலி செய்கின்றனர்.

எம் தந்தையார் போரில் தோற்று, பாசறையிலிருந்த சிறுமியாகிய எம்மையும் அழைத்துக்கொண்டு திரும்பிய மாலையை நீர் அறியீர். கதவு சாத்தியிருந்தது. தாமே அரசர் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அப்போது செக்காட்டும் நாச்சி என்பவள் தெருவில் நின்று, அவ்வூர் வழக்கப்படி, "கதவு சாத்தியாச்சு, சோறு இருக்குது, வாங்க" என்று பொதுவாகக் கூவினாள். வந்தவரிடம் பேரோ ஊரோ கேட்பது அங்கே வழக்கமில்லை. கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தபடி தந்தையார் அழுதார். "அழுதுக்கிட்டே தின்னாதீங்க அண்ணே, உப்புக் கரிக்கும்" என்று அவள் அதட்டினாள். அவர் அவ்வளவு வயிறார உண்டதை யாம் பின்னர் என்றும் கண்டதில்லை. இன்று இருவரும் இல்லை. அந்தத் தெருவை நினைத்தால் எமக்கு ஏக்கமாக இருக்கிறது.

எம் பெயரைக் கேளாமல் சோறிட்ட ஊருக்கு எம் பெயரைச் சூட்டுவது எமக்கு நாணம் தருவது. ஆகவே வேழ முத்திரை இட்டு யாம் விடுக்கும் ஆணை இது: புதுமதில் வேலை நிற்க, சபை முன்போல் கூடுக, பெயர் பிந்தினார்புரமாகவே வாழ்க. இவ்வாண்டு அவர்கள் விழாவுக்கு யாமும் செல்கிறோம். திரும்புமுன் மாலை முரசு ஒலித்துவிட்டால், எமக்காகவும் கதவைத் திறவற்க. வெளியே எமக்கு ஊர் இருக்கிறது.