இரண்டு பஞ்சாங்கமும் ஒரு கப்பலும்

செவ்வாய், ஆக. 12. கடலில்.

பலத்த காற்று. தலைச்சுற்று. இவருடைய அலுவலகம் குடும்பங்களுக்குக் கொடுத்த உல்லாசப் பயணம். எனக்கு உல்லாசம் வேண்டாம், பிறந்த மண்ணில் காங்கேசன்துறைத் துறைமுகம் போதும். நாளை காலை எட்டுக்கு இறங்கி மாலை ஐந்துக்குள் ஏற வேண்டும். கடவுச்சீட்டு கப்பல்காரரிடம். தங்க வழியில்லை.

நாளை அப்பாவின் ஆட்டைத் திவசம், முதலாவது. செத்த வீட்டுக்கும் போகக் கிடைக்கவில்லை. திதி பார்த்த பிறகுதான் இந்தப் பயணத்துக்கே சரி சொன்னேன்.

அண்ணைக்கு: வேட்டி, ஊதுபத்தி, முழங்கால் தைலம். மூன்று தரம் எடுத்துப் பார்த்தாயிற்று. மகள் ஆதிரை: "உட்காரும்மா, ஏற்கெனவே கப்பல் ஆடுது." பன்னிரண்டு வயதுக்கு அதிகாரத்தைப் பார்.

இவருக்கு வட்டுக்கோட்டையில் பழைய வானாய்வுக்கூடம் பார்க்க வேண்டுமாம். பட்டப்பகலில், திவசத்தன்று.

புதன், 13.

வெயில். மருதனார்மடத்தில் அண்ணை வீடு, 9.30. முற்றம் கூட்டவில்லை. வாழையிலை இல்லை. சமையல் மணம் இல்லை.

"ஐயர் எத்தினை மணிக்கு அண்ணை?"

"நாளைக்குப் பத்துக்கு. ஏன்?"

அண்ணை வாக்கியப் பஞ்சாங்கம். நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமியார் வீட்டுத் திருக்கணிதம். அவருக்குத் திதி நாளை, எனக்கு இன்று. இரண்டு மாதமாகப் போனில் கதைக்கிறோம். "புதன் வாறன்." "வா." திவசம் என்றைக்கு என்று இருவரும் வாய் திறக்கவில்லை. நான் தங்குவேன் என்று நினைத்திருந்தாராம்.

"இண்டைக்கே செய்யுங்கோ. நாளைக்கு நான் கடலிலை."

"உன்ரை கப்பலுக்காகத் திதியை மாத்தேலுமோ?"

பிடித்தால் பிடிதான். ஒரு வயிற்றில் பிறந்தவர் பேசும் பேச்சா! அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. இவர் மெல்ல, "வட்டுக்கோட்டைக்காவது போலாமா?" என்றார். வாடகை வான் வண்டியில் ஏறினோம். வழிகாட்ட அண்ணையும்.

வானாய்வுக்கூடம்: சின்னக் கட்டடம், தடித்த சுவர். தொலைநோக்கி இல்லை. அது நின்ற கல்மேடை மட்டும், மேலே பல்லி எச்சம். காவலாளி: "அந்தக் காலத்திலை வெள்ளைக்காரர் இஞ்சை நிண்டு கிரகணம் பாத்து, எங்கடை பஞ்சாங்கம் பிழையெண்டு வாதாடினவை." இவருக்குப் பரம சந்தோஷம், படம் படமாக எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆதிரை அண்ணையிடம், "மாமா, தாத்தா எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பாரு?"

கல்மேடையைத் தடவிக்கொண்டு நின்றார் அண்ணை.

"அம்மப்பா ரெண்டும் வாங்கிறவர், பிள்ளை. தனக்குத் தோதான நாளை எடுப்பார்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மணி பார்த்தார். "வா, சந்தை கலைய முந்திப் போவம்."

மருதனார்மடச் சந்தை. கத்தரி, பூசணி, வாழைக்காய். திவசத்துக்கு வேண்டிய பாவற்காய் முடிந்துவிட்டது. அண்ணி திட்டிக்கொண்டே மூன்று அடுப்பும் மூட்டினாள். ஐயர் இல்லை. அண்ணையே தேவாரம் பாடிப் படைத்தார், 3.10. அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன், ஒரு வருடத்து அழுகை. நின்றபடி இரண்டு வாய் சாப்பாடு. 4.40 துறைமுகம்.

வியாழன், 14. கடலில்.

அலை குறைவு. நல்ல நித்திரை. அண்ணைக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று காலையில் இவரிடம் பெருமை அடித்தேன்.

பதினொன்றரைக்கு அண்ணை படம் அனுப்பியிருக்கிறார். ஐயர் இருக்கிறார். தலைவாழையிலை. பாவற்காயும். கீழே:

"இண்டைக்குத்தான் அப்பாவின்ரை திவசம். நேற்றையது உனக்கு."

பொல்லாத மனுஷன். அழுகை வந்தது. பசியும் வந்தது.