ஆறாவது படியில் இருட்டு

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். உன் புது போன் நம்பரை அவள் நகைப் பெட்டியைப் போலப் பூட்டி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, "குடுக்கக் கூடாதுன்னு அவன் சொல்லியிருக்கான். லெட்டர் போடக் கூடாதுன்னு சொல்லல, வேணும்னா எழுது" என்று உன் கப்பல் கம்பெனியின் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. இது வேலை விஷயம்.

அரங்கத்துக்குப் புது லைட் கன்சோல் வந்திருக்கிறது. பழையதன் ஸ்கிரீனில் வலது ஓரம் நான்கு விரல் அகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது உனக்கு நினைவிருக்கும். "வேண்டிய நம்பரெல்லாம் இடது பக்கம் இருக்கே" என்று நாமே அதற்கு வக்காலத்து வாங்கி ஓட்டினோம். போன மாதம் மிச்சமும் கறுத்துவிட்டது. புதுசு இரண்டு ஆள் தூக்குகிற கனம். ஸ்கிரீன் பளிச்சென்று இருக்கிறது, பட்டன்கள் விரல் பட்டாலே இறங்குகின்றன. எனக்கு இன்னும் அதோடு பேச்சுவார்த்தை சரியாகவில்லை.

சிக்கல் இதுதான். இயக்குநர் மறுபடியும் அந்தப் படிக்கட்டு நாடகத்தையே எடுக்கப் போகிறார். அது நின்றுபோன அன்று இறக்கி அறையில் போட்ட நாற்பத்தெட்டு விளக்குகளையும் பழைய இடத்தில் மாட்ட வேண்டும். எது எங்கே தொங்கியது, எதற்கு எந்த நம்பர் என்பதற்கு மேசை இழுப்பறையில் இருக்கும் உன் தாள் ஒன்றுதான் ஆதாரம். அதில் நீ மனிதர் படிக்கிற மாதிரியா எழுதியிருக்கிறாய்? நம்பருக்கு நேரே 'மாமியார்', 'அழுமூஞ்சி', 'பெரியப்பா', 'புது மாப்பிள்ளை'. மாமியார் யார் என்று எனக்குத் தெரியும். பால்கனிக்கு நடுவில் இருந்துகொண்டு, மேடையில் எந்த மூலையில் ஒளிந்தாலும் கண் வைக்குமே, அது. மற்ற உறவுக்காரர்களையெல்லாம் நீதான் அறிவாய். எந்தப் பெயர் எந்தக் கம்பியில், இடமா வலமா என்று எழுதி அனுப்பு.

அந்த நாடகத்தில் ஒவ்வொரு வெளிச்ச மாற்றத்துக்கும் ஒரு க்யூ, ஒரு நம்பர். நாற்பத்தொன்றாம் க்யூவில் படிக்கட்டுக்கு வெளிச்சம் வரும். உன் அத்தான் பேசிக்கொண்டே பதினான்கு படிகளும் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகு நீ பட்டனை அமுக்க, நாற்பத்திரண்டு வந்து இருட்ட வேண்டும். அவர் ஆறாவது படியில் இருக்கும்போதே நீ அமுக்கினாய். முழங்காலில் இரண்டு ஆபரேஷன். மூன்று வருஷமாக அவர் உட்கார்ந்தபடி நடிக்கிற வேஷங்களைத்தான் கட்டுகிறார், நீதிபதியும் நோயாளியுமாக. இதை உனக்கு நினைவுபடுத்த எழுதவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பட்டியலை விரைவில் அனுப்பு.

இப்படிக்கு,
விளக்குப் பொறுப்பாளர்


தம்பிக்கு,

உன் பட்டியல் கிடைத்தது. நாற்பத்தெட்டு வரி, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. தொடக்கத்தில் 'அக்கா' என்று ஒரு சொல் இல்லை, கடைசியில் கையெழுத்தும் இல்லை. நான் எழுதிய அழகுக்கு அதுவே அதிகம் என்று அம்மா சொன்னாள். ஆனால் பெரியப்பாவுக்கு நேரே மட்டும் 'இவரை அதட்டாதே, நிதானமாகத்தான் எரிவார்' என்று ஒரு குறிப்பு. படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு எதற்குச் சிரித்தோம் என்று என் மேலேயே கோபம் வந்தது.

விளக்கெல்லாம் மாட்டியாயிற்று. தச்சரும் நானும் மூன்று நாள் ஏணியிலேயே குடியிருந்தோம். அவர் கீழே இருந்து கம்பி நம்பரைக் கத்த, நான் மேலே இருந்து ஒவ்வொரு விளக்கிலும் அதன் நம்பரைப் போட்டு கேபிளைக் கோத்தேன். கீழே இறங்கி கன்சோலில் அழுமூஞ்சியைக் கூப்பிட்டால், கூடவே மேடையின் அந்தக் கோடியில் புது மாப்பிள்ளையும் எழுந்து நிற்கிறார். அழுமூஞ்சியை அணைத்தால் அவரும் அணைகிறார். அரை நாள் கேபிளைக் குறை சொல்லிவிட்டு, கடைசியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நம்பரை நானே போட்டிருக்கிறேன். இருபது வருஷ அனுபவம்! நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் காட்டியிருப்பாய்.

இயக்குநர் உன் அத்தானிடம் அதே வேஷத்தைக் கேட்டிருக்கிறார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டில் மாடிப்படியெல்லாம் சாதாரணமாக இறங்குகிறார். ஆனால் இந்த வேஷத்துக்கு மட்டும் முடியாது என்கிறார். காரணம் கேட்டால் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்.

அடுத்த வேலை, பழைய நாடகத்தின் க்யூக்களைப் புது கன்சோலில் ஏற்றுவது. உன் மெமரி கார்டு பத்திரமாக இருக்கிறது. அதே கம்பெனி தயாரிப்பு என்பதால் பழையதை இது படித்துக்கொள்ளுமாம். திங்கட்கிழமை உட்காரப் போகிறேன்.

கடலில் குளிர் அதிகம் என்று அம்மா கவலைப்படுகிறாள். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அக்கா


என் தம்பிக்கு,

இதை நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் பழைய கன்சோலை, போட்டோக்காரரை, கெட்டுப்போன ஸ்கிரீனை எல்லாம் முதலில் எழுதி, என்னைக் கடைசியில் எழுதியிருந்தேன். இதில் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்று நீ பட்டனை அமுக்கவில்லை. உன் அத்தானை விழவைத்தது என் கை.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு உன் கார்டைச் செருகினேன். அரங்கில் யாரும் இல்லை. க்யூக்கள் வரிசையாக வந்து ஸ்கிரீனில் உட்கார்ந்தன. பழைய ஸ்கிரீனில் கறுத்துப் போயிருந்த வலது ஓரம் இதில் முழுசாகத் தெரிகிறது. தானாக அடுத்த க்யூவுக்குப் போவதற்கு எத்தனை விநாடி என்று காட்டுகிற கட்டம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டமும் காலி. நாற்பத்தொன்றுக்கு நேரே மட்டும் பத்து.

அந்தப் பத்தைப் போட்டது யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று மதியம் போட்டோக்காரர் வந்திருந்தார். நீ சாப்பிடப் போயிருந்தாய். படிக்கட்டில் உன் அத்தானை வெளிச்சத்திலும் இருட்டிலும் மாறி மாறி எடுக்க வேண்டும் என்றார். பட்டனையும் அமுக்கி, மேடைக்கு ஓடிப்போய் அவர் சால்வையையும் சரிசெய்ய எனக்கு இரண்டு உடம்பா இருக்கிறது? பத்து விநாடியில் தானாக இருட்டட்டும் என்று, ஸ்கிரீனில் தெரியாவிட்டாலும் பட்டனில் தட்டி நாற்பத்தொன்றில் பத்தைப் போட்டேன். படம் எடுத்து முடித்ததும் அந்தப் பத்தை நீக்கிவிட்டதாகத்தான் மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். நீக்கவில்லை. அப்படியே சேவ் செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். சாயங்காலம் நீ வந்து உட்கார்ந்தபோது அந்த எண் கறுத்த பட்டைக்குள் இருந்தது. உன்னால் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

கன்சோலில் நாற்பத்தொன்றை ஓடவிட்டேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். பத்தில் சட்டென்று இருட்டிவிட்டது. மறுபடி ஓடவிட்டேன். மூன்றாவது முறையும். ஒரு தடவையாவது இருட்டாமல் இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. பிறகு மேடைக்குப் போய், மேலிருந்து எண்ணி, ஆறாவது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"நான் தொடவே இல்லக்கா" என்று நீ சொன்னாய். எத்தனை தடவை சொன்னாய். எல்லோர் முன்னாலும் உன் சட்டையைப் பிடித்து, "செஞ்சதும் இல்லாம பொய் வேற சொல்றியா? இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றேன். நீயும் நான் சொன்னபடியே போய்விட்டாய். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காதவன், இதை மட்டும் கேட்டாய்.

உன் அத்தானிடம் அன்றே சொன்னேன். முழங்காலில் துண்டைச் சுற்றி, காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டே, "அன்னிக்கு அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கால்மாட்டுலயே நின்னான். நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். உன் தப்பை எழுதும்போது என்னோடதையும் சேர்த்து எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன். இது அவருடையது. என்னுடையதைக் குறைப்பதற்காக எழுதவில்லை.

மறுநாள் ஒத்திகைக்கு முன் எல்லோரையும் மேடையில் கூட்டி, ஸ்கிரீனில் அந்தப் பத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். உன்னை எங்கே வைத்துப் பேசினேனோ அதே இடத்தில் நின்று சொன்னேன். "அவன் கை துறுதுறுன்னு இருக்கும், நான் அப்பவே சொன்னேன்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிவந்த தச்சர் சுத்தியலைத் தேடுகிற சாக்கில் வெளியே போனவர், சாயங்காலம் வரை வரவில்லை. ஒப்பனை செய்கிற அம்மா மட்டும், "அந்தப் பையன் போகும்போது என்கிட்ட மட்டும்தான் சொல்லிட்டுப் போனான்" என்று சொல்லி அழுதார். இயக்குநர் என்னை மேசையை விட்டு எழுந்திருக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அம்மாவிடமும் சொன்னேன். நேரே போய் உன் நம்பரை எழுதி எடுத்துவந்து என் கையில் வைத்தாள். அது இப்போது இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு தடவை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நீ கொடுக்காத நம்பரில் உன்னைக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. அதோடு, போனில் நான் அழுதால் நீ உடனே என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அப்படி நடக்கக் கூடாது. நீ நிதானமாகக் கோபப்பட வேண்டும்.

இப்போது உன் அத்தான் விஷயம். நேற்று அவராகவே வாயைத் திறந்தார். படியைப் பார்த்து அவருக்குப் பயமே இல்லையாம். "வெளிச்சத்தைத்தான் நம்ப முடியல. இறங்கும்போது இப்ப போயிடுமோ, இப்ப போயிடுமோன்னு இருக்கு. அவன் மேசையில உட்காரட்டும், நான் இறங்குறேன்" என்றார். நான் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்க வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு கேட்பது? தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி முதல் காட்சி. இயக்குநர் அந்த வேஷத்துக்கு வேறு ஆளைப் பார்க்கவில்லை. பத்தாம் தேதி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கப்பலில் லீவு கிடைக்குமா, நீ கேட்பாயா என்று எனக்குத் தெரியாது. வா என்று உத்தரவு போடுகிற இடத்தில் நான் இல்லை. வந்தால் மேசைக்கு முன்னால் உன் நாற்காலி இருக்கிறது, ஒரு கால் ஆடுகிற அதே நாற்காலி. நான் பக்கத்தில் நின்று க்யூத் தாளைப் பிடித்துக்கொள்கிறேன். கன்சோலைத் தொடமாட்டேன்.

நாற்பத்தொன்றில் இருந்த பத்தை அழித்துவிட்டேன். இப்போது அந்தக் கட்டம் காலி. படிக்கட்டு வெளிச்சம் வந்தால் வந்ததுதான், ஒரு கை அமுக்கும் வரை போகாது. நேற்று ஒத்திகையில் யாரும் இல்லாத படிக்கட்டில் அதை எரியவிட்டேன். இயக்குநர் போதும் என்று சொல்லியும் எனக்கு அமுக்க மனம் வரவில்லை. அவரே எழுந்து வந்து அமுக்கினார்.

வரமுடியாவிட்டால் ஒரு வரியாவது எழுது. மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம், அவ்வளவு சுலபமாக எனக்கு வேண்டாம். வாய்க்கு வந்தபடி திட்டி எழுது, பக்கம் பக்கமாக எழுது. தொடங்கும்போது மட்டும் 'அக்கா' என்று எழுதித் தொடங்கு.

எந்தக் கடலில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

நீ அன்று சொன்னதை இன்று நம்புகிற,
உன் அக்கா