நீ அனுப்பிய ஊதுபத்தி

அன்புப் பாப்பாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் கைகால் சுகத்தோடு, வாய்ச்சண்டைக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே பேசலாமே, அப்பாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நீ பயந்துவிடாதே. உன் அம்மா ஒரு காதை அடுப்படியில் வைத்திருந்தாலும் இன்னொரு காதை என் பக்கமே வைத்திருப்பவள். அவளுக்குத் தெரியாமல் ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது, அதனால்தான் கடையில் கண்ணாடி வெட்டுகிற மேஜையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கடை கடையாக ஏறி இறங்கி, நம் வீட்டுப் பத்தி மாதிரியே மணக்கிறது என்று ஒரு மரப்பெட்டி நிறைய ஊதுபத்தி அனுப்பினாயே, அதைப் பற்றித்தான். எப்படி இருந்தது என்று நீ ஆசையாகக் கேட்டபோது அம்மா "நல்லாருக்கும்மா"ன்னு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பிறகு நீ என்னிடம், "அம்மா பிரிச்சுக்கூடப் பாக்கல, எனக்குத் தெரியும்ப்பா" என்று சொன்னாய். அதிலிருந்து நீ அவளிடம் பேசுகிற பேச்சு சுருங்கிப்போனதை நான் கவனிக்காமல் இல்லை. அவளும் கவனித்தாள். அவள் பிரித்தாள் பாப்பா, பெட்டி வந்த அன்றே பிரித்தாள். அவளுக்கு எதுவும் மணக்கவில்லை, அவ்வளவுதான்.

மழை ஆரம்பத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து தேறியது உனக்குத் தெரியும். காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி அடைப்புதான், தானாகச் சரியாகும் என்று அவள் என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் ஒரு பத்தி ஏற்றுகிறவள் மூன்று நான்காகச் சேர்த்து ஏற்ற ஆரம்பித்ததுதான். வீடு முழுக்கப் புகை. மேல்வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, எங்கேயாவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். வயதானால் சிலருக்குப் பக்தி முற்றும், இவளுக்கும் முற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் அம்மாவோடு வேலை செய்கிறாளே, வாய் ஓயாமல் பேசுவதால் நாமெல்லாம் ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவள் கடைக்கு வந்தாள். வந்து பேசாமல் நின்றாள். ரேடியோ பேசாமல் நின்றால் எனக்கு எப்படி இருக்கும் சொல். "அண்ணே, அக்காவ ஏதும் கேக்காதீங்க, அடுப்புப் பக்கத்துலயே அக்கா நின்னுக்கிட்டு இருக்கு, பால் அடிப்பிடிச்சுக் கருகுது, அதுக்குத் தெரியவே மாட்டேங்குது. வார்டுக்குப் போறதுக்குள்ள நான் பாத்து மாத்திட்டேன். இது மொதத் தடவை இல்லண்ணே"ன்னு கண்கலங்கினாள். நோயாளிகளுக்குப் போகிற சாப்பாடு ஆயிற்றே, மூடியைத் திறக்காமலே உப்பு கூடிவிட்டது என்று சொல்லக்கூடியவள் ஆயிற்றே உன் அம்மா. நான் கடையைச் சாத்திவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன்.

கேட்டதும் முதலில் கோபப்பட்டாள், ரேடியோவைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எதுவுமே மணக்கலீங்க. சோப்பு மணக்கல, மழை மணக்கல. பாப்பா அனுப்பிச்சதுன்னு அவ்ளோ ஆசையாப் பிரிச்சேன், வெறும் குச்சிய மோந்து பாத்த மாதிரி இருந்துச்சு. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வருவா"ன்னு அழுதாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்போதே என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். இதோ, அதை மீறித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூக்கு டாக்டர் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, நல்லாப் பழகின வாசனைகளாக எடுத்துக் காலையும் மாலையும் மோந்துகொண்டே இருங்கள், மனதில் அந்த மணத்தை நினைத்துக்கொண்டே மோந்து பாருங்கள் என்றார். எத்தனை நாளில் வரும் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். கேன்டீனில் அவளைக் கொஞ்சநாள் அடுப்புப் பக்கம் விடாமல் பரிமாறுகிற இடத்துக்கு மாற்றினார்கள். அதில் அவள் முகம் தொங்கியதை நான் எழுதினால் உனக்குத் தாங்காது. சாயங்காலம் நீ அனுப்பிய பெட்டியிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஏற்றுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "எப்படி இருக்குன்னு சொல்லுங்க"ம்பாள். நான் என்னத்தைச் சொல்ல, மணமாக இருக்கிறது என்பேன். "மணமா இருக்குன்னா? சந்தனமும் மணம்தான், பினாயிலும் மணம்தான். ஒழுங்காச் சொல்லுங்க"ன்னு அதட்டுவாள். எனக்குக் கண்ணாடியின் கனம் சொல்லத் தெரியும், மணத்தைச் சொல்லத் தெரியுமா. அதனால் அந்த மணம் எந்தெந்த நாளில் நம் வீட்டில் இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

கல்யாணமான புதிதில் இருந்த ஒற்றை அறை, ஜன்னலுக்கு அடியிலேயே சாக்கடை, அதற்காகத்தான் நாங்கள் பத்தியே வாங்க ஆரம்பித்தோம். சாக்கடையும் மல்லிகையும் கலந்து ஒரு வாசனை வருமே, அதைச் சொன்னதும் சிரித்தாள். நீ படிக்கிற மேஜைக்கு அடியில் கொசுவுக்காக அவள் பத்தியைச் செருகி, அது உன் பள்ளிச் சீருடையில் பொத்தல் போட்டது, நீ வேண்டுமென்றே அந்தப் பொத்தலில் விரலை விட்டுப் பெரிதாக்கியது, சாம்பல் உதிராமல் வளைந்து நின்றால் பரீட்சையில் பாஸ் என்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது, நான் தும்மி அதை உதிர்த்துவிட்டதற்கு நீ சாப்பிடாமல் கிடந்தது, எல்லாம் சொன்னேன். உன்னை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய சாயங்காலத்தையும் சொன்னேன். இரண்டு பேருக்கும் விளக்குப் போட மனமில்லை. அம்மா ஒரு பத்தி மட்டும் ஏற்றினாள். கொஞ்சநேரம் கழித்து, "பாப்பா உள்ள உக்காந்து படிக்கிற மாதிரியே இருக்குல்ல"ன்னாள். இதைச் சொன்னபோது அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. அப்புறம்தான் எனக்கே புரிந்தது, அவளுக்குப் போனது வெறும் வாசனை இல்லை என்று.

இப்படியே நாட்கள் போயின. ஒன்றும் தெரியவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன், வெளியில் காட்டவில்லை. போன வாரம் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை மாடிக்குத் தூக்கிக்கொடுத்துவிட்டு வியர்த்து வழிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போனதும், "சட்டையக் கழட்டி வாளியில போடுங்க, என்ன நாத்தம் இது"ன்னாள். நான் சரி என்று இரண்டு அடி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவளும் கையில் துண்டோடு வாயைத் திறந்தபடி என்னையே பார்க்கிறாள். முப்பத்துச் சொச்ச வருஷத்தில் என் வியர்வை நாற்றத்துக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை பாப்பா. கிட்டே வந்து என் சட்டையில் முகத்தை வைத்து மோந்து மோந்து பார்த்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, என் நிலைமையும் அதேதான்.

உடனே பத்தியை ஏற்றினோம். அது சட்டென்று வரவில்லை. முந்தாநாள்தான், பக்கத்து வீட்டில் யாரோ ஏற்றியிருப்பதுபோல லேசாக வருகிறது என்றாள். கொஞ்சம் கருகிய காகிதம் மாதிரியும் இருக்கிறதாம். டாக்டர் அப்படித்தான் முதலில் கோணலாக வரும், போகப்போக நேராகும் என்கிறார். முழுசாக வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை, நானும் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இன்று காலையிலிருந்து மறுபடி அடுப்புப் பக்கம் நிற்கிறாள். ரேடியோ அவள் பக்கத்திலேயே நிற்கிறாளாம், பேசிக்கொண்டே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு இருங்கள். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விடுமுறைக்கு நீ வரும்போது இதையெல்லாம் நேரில் சொல்லவேண்டும் என்று அம்மா மனதில் வைத்திருக்கிறாள். எங்கே ஆரம்பிப்பது என்று பாத்திரம் கழுவும்போது தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. நடுவில் "தெரியும்மா" என்று சொல்லிவிடாதே. முதன்முதலாகக் கேட்கிற மாதிரி முழுசாகக் கேள். அழுகை வந்தால் அழுதுவிடு, அதற்கு நீ நடிக்கவேண்டியிருக்காது.

என்றும் உன் நலம் விரும்பும்,
அப்பா