போனஸ் கேட்ட அம்மா

என் அன்பு அப்பா,

உங்களுக்கு இனி நெஞ்சுவலி வராது என்ற தைரியத்தில் சொல்கிறேன்: அம்மா என் சட்ட நிறுவனத்துக்குப் போன் எடுத்துவிட்டார்.

ஓம், எங்கள் அம்மாதான். உள்ளூர்க் கவுன்சில் அலுவலகத்தோடுகூட உங்களையே பேசவிட்டு, பக்கத்தில் நின்று சேலைத்தலைப்பைத் திருகிய அதே அம்மா.

நீதிபதியிடம் உதவியாளராக இருந்த என் வருடம் முடிகிறது. அடுத்து இலண்டனிலேயே ஓர் அமெரிக்கச் சட்ட நிறுவனத்தில் வேலை. நீதிபதியிடம் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே தனியாக ஒரு போனஸ் உண்டென்று கேள்வி. எனக்கும் உண்டா? கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்களோ, வேலையையே தராமல் விட்டுவிடுவார்களோ என்று பயம். இதைச் சாப்பிடும்போது அம்மாவிடம் புலம்பினேன். அவ்வளவுதான்.

மறுநாள் நீதிமன்றத்தில் இருந்தபோது நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். "உங்கள் தாயார் பேசினார். போனஸ் பற்றிக் கேட்டார்" என்றார். அப்பா, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

போகவில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தப் போனஸாம். இங்கேயுள்ள நீதிமன்றங்களிலிருந்து போன எவரும் இதுவரை கேட்டதே இல்லையாம். "உங்கள் தாயார்தான் முதல் ஆள். பங்குதாரர்கள் பேசி முடிவெடுப்பார்கள்" என்றார் அந்தப் பெண். வழக்காடப் படித்த நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டா இருந்தோம்?

ஆனாலும் மாலையில் வீட்டுக்கு வந்து, காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினேன்.

"என்னம்மா செய்தனீங்கள்? இஞ்ச ஒருத்தரும் இப்பிடிச் செய்யமாட்டினம்!"

அம்மா அசையவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்: "பொம்பிளைப்பிள்ளை தானாய்ப் போய்க் காசு கதைக்கிறதோ? கலியாணமெண்டாலும் பெரியாக்கள்தானே கதைக்கிறது. அப்பா இல்லை. இப்ப இந்த வீட்டில பெரியாள் நான்தானே?"

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நீங்கள் போனபின் எங்கள் வீட்டில் பெரியாள் எவரும் இல்லை என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? எப்போது அம்மா அந்த இடத்துக்கு வந்தார்? உங்களுக்கு முன்னமே தெரியுமா, அப்பா?

நிறுவனம் என்ன சொல்லுமோ தெரியாது. இல்லையென்று சொன்னால், ஏன் என்று நானே கேட்பேன். இது சத்தியம். ஆனால் போனை எடுக்குமுன் பெரியாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

உங்கள் மகள்,
இப்போது அம்மாவின் பொறுப்பில்,
துர்க்கா